கியர் லிவர் இறுகிவிட்டதா? முதலில் எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். எட்டு வருடம் ஓடிய சிறிய கார். இரண்டு மாதமாக கியர் லிவர் இறுக்கமாக இருக்கிறது. ஓடும்போது எப்படியோ சமாளிக்க முடிகிறது, ஆனால் நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கின்றன. வண்டியைக் காட்டிய மெக்கானிக் கடையில் “கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். சம்மதிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கியர் பாக்ஸைப் பிரிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் கிளட்ச், கேபிள், ஆயில் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. நான் பார்த்த வரையில் லிவர் இறுகிய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலேயே சரியாகிவிட்டன. எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், எஞ்சினை அணையுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டு முதல் கியரிலிருந்து கடைசி கியர் வரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள், ரிவர்ஸையும் சேர்த்து. கைக்கு எப்படி இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, அதே வரிசையில் மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்த கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் லிவரிலும் கேபிளிலும் பெரிதாக எதுவும் இல்லை. கிளட்ச் முழுவதும் விடவில்லை, அதாவது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் முழுவதும் பிரிக்கவில்லை என்று பொருள். எஞ்சின் அணைந்திருக்கும்போதே அதே இறுக்கம் இருந்தால் கிளட்சை மறந்துவிட்டு லிவர், கேபிள், கியர் பாக்ஸில் கியரைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் பக்கம் போக வேண்டும். எல்லாம் நன்றாக விழுகிறது, ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்கிறது என்றால் அது சிங்க்ரோ வளையத்தின் (பற்கள் கோர்க்கும் முன் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) பக்கம். வழி இங்கேயே மூன்றாகப் பிரிந்துவிடுகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. எஞ்சின் அணைந்த வண்டியில் முதல் கியரோ ரிவர்ஸோ சில சமயம் பாதியில் முட்டி நிற்கும். உள்ளே பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றுவிட்டால் நல்ல கியர் பாக்ஸிலும் இப்படி ஆகும். வேறொரு கியரைப் போட்டு எடுத்துவிட்டோ, வண்டியை விரல் அளவு முன்னும் பின்னும் அசைத்துவிட்டோ மறுபடி முயலுங்கள். அப்போது விழுந்துவிட்டால் அதைக் கோளாறு என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

கேள்வியில் இருக்கும் “நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும்” என்ற விவரத்தைப் பார்த்ததுமே என் சந்தேகம் கிளட்ச் மேல்தான் போகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கிளட்சை மிதிக்காமல் நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினின் சுற்றலை உள்ளே கொண்டுவரும் தண்டு) எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்ததும் அந்த இணைப்பு அறுந்து, ஆயிலின் இழுப்பில் அந்த ஷாஃப்ட் சில நொடிகளில் ஓய்ந்து நிற்க வேண்டும். கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை முழுவதும் விடாமல் லேசாக உரசிக்கொண்டே இருந்தால் ஷாஃப்ட் நிற்காது. சக்கரப் பக்கம் நின்றிருக்க, எஞ்சின் பக்கம் சுற்றிக்கொண்டிருக்க, இரண்டையும் நாம் லிவரால் கோர்க்கப் பார்க்கிறோம். முதல் கியரில் சிங்க்ரோ இருந்தால் அது அந்தச் சுற்றலை நிறுத்தப் போராடும், அந்தப் போராட்டம் கைக்கு இறுக்கமாகத் தெரியும். ரிவர்ஸில் பல வண்டிகளில் சிங்க்ரோவே கிடையாது. அதனால் இறுக்கத்துக்குப் பதிலாக ‘கர்ர்ர்’ என்று பல் உரசும் சத்தம் வரும்.

இதையே சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை அடி வரை மிதித்து ஐந்து நொடி எண்ணுங்கள், அப்புறம் ரிவர்ஸைப் போடுங்கள். காத்திருந்த பிறகு சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது, நீங்கள் அவசரப்பட்டுப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். காத்திருந்தும் கர்ரென்றால் கிளட்ச் விடவில்லை. சந்தேகம் இன்னும் தீரவில்லையா? முன்னால் காலி இடம் இருக்கும்படி நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, கிளட்சையும் கால் பிரேக்கையும் முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி ஒரு முறை முன்னால் குதிக்கப் பார்த்தால் பதில் கிடைத்துவிட்டது.

கிளட்ச்தான் என்று முடிவானாலும் உடனே பிளேட்டை மாற்ற ஓடாதீர்கள். முதலில் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். தடிமனான புதிய மிதியடி மடங்கி பெடலுக்குப் பின்னால் போய்விட்டதால் கிளட்ச் அடி வரை இறங்காமல் நின்ற வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்குப் புது கிளட்ச் செட் போட நாள் குறித்திருந்தார்கள். மிதியடியை எடுத்து வெளியே போட்டதும் எல்லா கியரும் விழுந்தன. இரண்டு சென்டிமீட்டர் மிதி குறைந்தாலே போதும், கிளட்ச் முழுவதும் விடாது.

அடுத்து, உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளில் வேலை செய்கிறதா, ஃப்ளூயிட் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் வகையில் பெடலின் ஃப்ரீ பிளே முக்கியம். பெடலைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு தொடங்கும் வரை கொஞ்ச தூரம் சும்மா இறங்கும், அந்தத் தூரம்தான் ஃப்ரீ பிளே. அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அதைவிட அதிகமாக இருந்தால் மிதியின் ஒரு பகுதி வீணாகிறது. அட்ஜஸ்டர் நட்டைத் திருகிச் சரி செய்யக்கூடிய விஷயம் இது. நட்டைத் தொடும் முன் கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தால் கேபிள் நீண்டுகொண்டே போகும், நீங்கள் திருகிக்கொண்டே இருப்பீர்கள், ஒரு நாள் நடுச்சாலையில் அறுந்துவிடும். அதை மாற்றிவிடுவதே நல்லது.

ஹைட்ராலிக் வகையில் பெடலை வேகமாக நான்கைந்து முறை மிதித்துவிட்டு, கடைசி மிதியிலேயே காலை வைத்தபடி கியரைப் போட்டுப் பாருங்கள். பம்ப் செய்த பிறகு கியர் எளிதாக விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் உள்ளுக்குள் கசிகிறது. காலை அப்படியே ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருக்கும்போது விழுந்த கியரை எடுக்க முடியாமல் போனாலோ, வண்டி மெல்ல ஊரத் தொடங்கினாலோ சீல் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

கசிவை மூன்று இடங்களில் தேடுங்கள். ஃப்ளூயிட் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா? பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டிதான். கிளட்சுக்குப் போகும் குழாய் தொட்டியில் உயரமாக இருக்கும், அதனால் கிளட்ச் பக்கம் கசிந்தாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதற்காக அதை நம்பி ஓட்டக் கூடாது, அளவு குறைவது தெரிந்த உடனே காரணத்தைத் தேட வேண்டும். இரண்டாவது இடம் பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் தண்டு உள்ளே போகும் பகுதி. விரலால் தடவினால் ஈரம் தெரியும். மூன்றாவது, கியர் பாக்ஸ் பக்கம் இருந்து, ஃப்ளூயிட் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை லேசாக விலக்கினால் உள்ளே ஃப்ளூயிட் தேங்கி நிற்கும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, கிளட்ச் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அது கசிந்தால் கூட்டின் அடியில் ஈரம் சொட்டும். அந்தச் சூழ்நிலையில் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியதில்லை.

கசிவே இல்லை, ஃப்ளூயிட் மட்டும் கறுத்துப் போயிருக்கிறது என்றால் பழையதை வெளியேற்றி, புதியதை ஊற்றி, காற்றை எடுத்துவிடுவதே போதுமானதாக இருக்கலாம். தொட்டி மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். ‘கிடைத்த எண்ணெய்’ எதையாவது ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிப் போய் முழு அமைப்பும் கெட்டுவிடும். இந்த ஃப்ளூயிட் பெயின்ட்டையும் அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேபிளும் ஹைட்ராலிக்கும் சரியாக இருந்து, கிளட்ச் இன்னும் விடவில்லை என்றால்தான் கூட்டுக்குள் கோளாறு. வளைந்த ஃபோர்க் (கிளட்சைத் தள்ளும் கவை), விரல்கள் தேய்ந்த பிரஷர் பிளேட், ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் (நீளவாட்டுப் பற்களில்) துரு ஏறி நகராமல் போன கிளட்ச் பிளேட், ஃப்ளைவீல் நடுவில் ஷாஃப்டின் முனையைத் தாங்கும், இறுகிப்போன பைலட் பேரிங் என்று பட்டியல் நீளும். பைலட் பேரிங் எல்லா வண்டியிலும் இருக்காது. பல நாள் ஈரத்தில் நின்ற வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. புதிதாகக் கிளட்ச் மாற்றிய பிறகு இறுக்கம் தொடங்கியிருந்தால், பிளேட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கலாம், அல்லது மாட்டும்போது கியர் பாக்ஸின் முழு எடையும் பிளேட்டில் தொங்கி அது வளைந்திருக்கலாம். வேலை செய்த இடத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

சரி, எஞ்சின் அணைந்திருக்கும்போதே லிவர் இறுக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் இறுக்கம் என்று கவனியுங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் இதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். இப்போதைய முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் லிவரிலிருந்து கியர் பாக்ஸுக்கு இரண்டு கேபிள்கள் போகின்றன. லிவரை இடம் வலமாக அசைப்பதை ஒன்று கடத்துகிறது, முன்னும் பின்னும் தள்ளுவதை இன்னொன்று கடத்துகிறது. நியூட்ரலில் இடம் வலம் அசைவு மட்டும் கனமாக இருந்தால் செலக்ட் கேபிளைப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாகப் போகிறது, கியருக்குள் தள்ளும்போது மட்டும் கனம் என்றால் ஷிஃப்ட் கேபிள். நியூட்ரலில் விட்டதும் லிவர் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். போன இடத்திலேயே சோம்பி நின்றால் அதுவும் செலக்ட் பக்க உராய்வைத்தான் காட்டுகிறது.

பிறகு ஒரே ஒரு வேலை மீதி. கியர் பாக்ஸின் மேல், பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே, இரண்டு கேபிளும் வந்து சேரும் சிறு கைகள் இருக்கும். கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் முனை பெரும்பாலும் ஒரு பந்தின் மேல் பிளாஸ்டிக் கிண்ணமாக மாட்டியிருக்கும், அதை நேராக நெம்பி எடுங்கள், சாய்த்து நெம்பினால் உடையும். கேபிளில் இருக்கும் அட்ஜஸ்டர் பூட்டை மட்டும் தொடாதீர்கள். அதைத் தளர்த்திவிட்டால் அளவை மறுபடி சரியாக வைப்பது தனி வேலையாகிவிடும்.

இரண்டும் கழன்ற பிறகு உள்ளே போய் லிவரை ஆட்டிப் பாருங்கள். கேபிள் மட்டும் வந்து போவதற்கு விரல் பலமே போதும். இங்கே கனமாக இருந்தால் கோளாறு லிவரிலோ கேபிளிலோதான். கேபிளின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து உள்ளே துரு பிடித்திருக்கலாம், புகைக்குழாயின் சூட்டில் உள் உறை உருகியிருக்கலாம். உள்ளே துருவேறிய கேபிளுக்கு எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், மறுபடி இறுகும். மாற்றுவதுதான் தீர்வு. லிவரின் அடியில் இருக்கும் பந்து மூட்டில் கிரீஸ் காய்ந்திருந்தால் பழையதைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். லிவரைச் சுற்றியுள்ள தோல் உறைக்குள்ளும் ஒரு பார்வை வேண்டும். சர்க்கரை கலந்த பானம் சிந்தி உள்ளே பசையாக இறுகியிருப்பதும், நாணயமோ பேனா மூடியோ விழுந்து லிவரின் பாதையில் சிக்கியிருப்பதும் நான் கண்ணால் பார்த்தவை.

லிவர் லேசாக இருந்தால் கியர் பாக்ஸின் மேலிருக்கும் அந்தச் சிறு கைகளை நேரடியாகக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு கியருக்கும் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்காரும் உணர்வு வர வேண்டும். கையால் தள்ளவே முடியவில்லை என்றால் செலக்டர் ஷாஃப்ட் இறுகியிருக்கிறது. அதன் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து வெளிப்பகுதி துருப்பிடிப்பது அதிகம் காணும் காரணம். பல கியர் பாக்ஸ்களில் இந்த ஷாஃப்ட் தனி மூடியோடு வெளியே வரும், முழு கியர் பாக்ஸையும் பிரிக்கத் தேவையில்லை. கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டு இருக்கும் பழைய வண்டிகளில் இதே சோதனையைத் தண்டைக் கழற்றிச் செய்யலாம். அங்கே புஷ்களும் மூட்டுகளும் காய்ந்து போவதுதான் வழக்கமான குறை.

எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் உடைந்திருந்தாலும் கியர் விழுவது கெடும். வேகம் கொடுக்கும்போதோ விடும்போதோ லிவர் தானாக முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் மவுன்ட்களைச் சோதிக்க வேண்டும்.

இப்போது ஆயில். கியர் ஆயில் பற்றித் தவறான ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சிங்க்ரோ என்பது அடிப்படையில் ஒரு குட்டிக் கிளட்ச். பெரும்பாலும் பித்தளை போன்ற உலோகத்தில் செய்த வளையம் ஒன்று, கியரின் கூம்பு வடிவப் பகுதியில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே பற்களைக் கோர்க்க விடும். 1928-ல் கேடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வரும் வரை, ஓட்டுநர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, வேகத்தைக் காதால் கேட்டுச் சமப்படுத்தித்தான் கியர் மாற்றினார்கள். உரசினால்தான் சிங்க்ரோ வேலை செய்யும். ஆயில் அளவுக்கு மேல் வழுக்கினால் வளையம் பிடிக்காது, அளவுக்கு மேல் கெட்டியாக இருந்தால் கூம்புக்கு நடுவிலிருந்து விலகாது. இரண்டிலும் கைக்குத் தெரிவது இறுக்கம்தான்.

அதனால் “இன்னும் தரமானது” என்று நினைத்து ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள் (இரண்டும் கியர் ஆயிலின் தர வகைகள்). எண் பெரியது என்பதால் அது உயர்ந்தது ஆகிவிடாது. ஜிஎல்-5 முக்கியமாகப் பின் அச்சில் அதிக அழுத்தத்தோடு உரசிக் கோர்க்கும் ஹைபாய்ட் கியர்களுக்காக வந்தது, அதிக அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் கலவைகள் அதில் கூடுதல். சிங்க்ரோவுக்குத் தேவையான உரசலை அது குறைக்கலாம், சில கலவைகள் பித்தளை வளையத்தை அரிக்கவும் கூடும். தடிமனும் அப்படித்தான். 75டபிள்யூ-80 கேட்கும் இடத்தில் அதைவிடத் தடிமனான 80டபிள்யூ-90 ஊற்றினால் குளிர்ந்த காலையில் இரண்டாம் கியருக்குள் லிவரைத் தள்ளுவது கடினமாகிவிடலாம். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஃப்ளூயிட்) கேட்கும் மேனுவல் கியர் பாக்ஸ்களும் உண்டு. கையேட்டில் போட்டிருப்பதுதான் இதில் முடிவான பதில்.

ஆயிலை மாற்றும்போது முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றுங்கள், அப்புறம்தான் வடிக்கும் போல்ட். ஊற்றும் போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் போய், ஆயில் முழுவதும் வடிந்த வண்டியோடு நிற்பது பெரிய வேதனை. வண்டி சமமாக, ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். பல கியர் பாக்ஸ்களில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வந்தால் அளவு சரி. வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை லேசாக ஒட்டியிருப்பது இயல்பு. ஆயிலில் பொன்னிற மினுக்கம் நிறைய இருந்தால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. விரலில் குத்தும் இரும்புத் துண்டு கிடைத்தால் கியர் பாக்ஸை இறக்கச் சொன்னவர் சொன்னது சரி.

ஒரு கியர் மட்டும் தகராறு செய்தால், ஓடும்போது பழைய முறைப்படி இரட்டைக் கிளட்ச் போட்டுப் பாருங்கள். கீழ் கியருக்கு மாறும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்து, மறுபடி மிதித்து கியரைப் போடுவதுதான் அது. அந்த முறையில் மட்டும் எளிதாக விழுந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாம் கியர்தான் முதலில் போகும். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் வேக வித்தியாசம் அதிகம், அதனால் அந்த வளையத்துக்கு வேலையும் அதிகம். குளிர்ந்த வண்டியில் முதல் சில நிமிடம் மட்டும் இரண்டாம் கியர் கனமாக இருந்து, சூடானதும் சரியாகிவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நேர்மாறாக, நன்றாக இருந்த வண்டி நெரிசலில் ஊர்ந்து சூடான பிறகு இறுகுகிறதா? அப்போது கிளட்ச் ஹைட்ராலிக் பக்கம் திரும்பிப் போங்கள்.

கோளாறு தீரும் வரை ஓட்டத்தான் வேண்டும் என்றால் லிவரை உள்ளங்கையால் குத்தித் தள்ளாதீர்கள். நிற்கும் இடத்தில் கிளட்சை மிதித்து ஓரிரு நொடி காத்திருங்கள், முதலில் இரண்டாம் கியர் பக்கம் லேசாக அழுத்திவிட்டு முதல் கியரைப் போடுங்கள். அந்தத் தொடுதலிலேயே இரண்டாம் கியரின் சிங்க்ரோ ஷாஃப்டை நிறுத்திவிடும். ரிவர்ஸுக்கும் இதே வழிதான். கிளட்ச் கொஞ்சமும் விடாத நிலை வந்துவிட்டால் சாலையில் எடுக்காதீர்கள், வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது “கியர் டைட்டாக இருக்கிறது” என்பதோடு நிறுத்தாமல், எஞ்சின் அணைந்தபோது எப்படி, ஓடும்போது எப்படி, பம்ப் செய்த பிறகு எப்படி, எந்தத் திசையில் கனம், சூட்டிலா குளிரிலா என்று ஐந்து வரி எழுதி எடுத்துப் போங்கள். பிரிக்க வேண்டும் என்று அவர் அப்போதும் சொன்னால், அந்த ஐந்து வரியில் எது கியர் பாக்ஸின் உட்புறத்தைக் காட்டுகிறது என்று கேளுங்கள். இந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக் என்றால், மிதியடிக்கு அடுத்து நான் பார்ப்பது ஃப்ளூயிட் தொட்டியும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையும்தான்.